கோயில் காட்டிலிருந்து இறங்கிய பேட்டரிகள்

செம்மேட்டு பஸ் டிரைவர் என்னைக் கண்டதும் வண்டியை நிறுத்தினார். "ஏனுங்க, நம்ம ஸ்டெல்லா மேடம் தவறிட்டாங்களாம்." நாமக்கல்லில், மகள் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டாராம். எங்கள் ஊராட்சிச் செயலராக மலையேறி வந்து, பணிக்காலம் முழுவதும் என்னோடு சண்டை போட்டவர். அந்தச் சண்டைகள் எதற்காகவும் நான் வருந்தவில்லை.

"மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டினார்" என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். கெட்டுப்போன சோலார் விளக்கு பேட்டரி விஷம் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். பிள்ளைகள் உடைத்து விளையாடக் கூடாதென்றுதான் கோயில் காட்டில் போட்டோம். அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள். ஒரு சுள்ளியைக்கூட அங்கிருந்து வெளியே எடுக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. பேட்டரிகள் அங்கேயே ஒழுகத் தொடங்கின. சரிவுக்குக் கீழே நாங்கள் குடிக்கும் ஊற்று.

பேட்டரிகளை அள்ளிப் போக ஸ்டெல்லா சாக்குகளோடு வந்தார். நான் வழிமறித்தேன்.

"உள்ள போனது சாமிக்குங்க. வெளிய வராது."

"சாமிக்கு எதுக்குங்க பேட்டரி? டார்ச் அடிச்சுட்டா நடக்குது?"

"சர்ச்சுக்குப் போறவங்களுக்கு எங்க சாமியப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியாதுங்க. அதனால சாமியவே கேட்டுப்புடலாம்."

பூசாரி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன் போட்டார். எடுக்கும் இலையில் வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். வெள்ளைதான் வந்தது. "பாத்தீங்களா, சாமிக்கே நாத்தம் தாங்கல!" என்று கைதட்டினார் ஸ்டெல்லா.

நான் விடவில்லை. இனிமேல் பழைய பேட்டரிகளை மக்களே செம்மேட்டுக்குச் சுமந்து வந்து ஒப்படைக்க வேண்டும் என்று கிராம சபையில் ஸ்டெல்லா ஒரு தீர்மானம் வாசித்தார். எழுந்தேன். "வித்தவன் எவனோ அவன் எறக்கட்டும். செஞ்சவனே திரும்ப எடுக்கோணும்னு சட்டம் இருக்குதுங்களே. சட்டத்துக்கு மலையேற மூச்சு வாங்குதா?"

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். பேனாவை எடுத்துத் தம் தீர்மானத்தைத் தாமே அடித்தார். "அய்யா சொல்றதுதாங்க சரி. நான் தோத்துட்டேன். சீக்கிரம் கைதட்டுங்க, மனசு மாறிப்போயிரும்!"

மலையில் பேட்டரி விற்கும் கடை பழையதை வாங்கியே ஆக வேண்டும், சரக்கு ஏற்றி வரும் வண்டியே அதை இறக்க வேண்டும் என்று தீர்மானம் மாறியது. கம்பெனிக்காரர்கள் முரண்டு பிடித்தார்கள். அலுவலகம் அலுவலகமாக என்னையும் இழுத்துப் போனார். "மொதல்ல நான் மரியாதையாப் பேசறேன். கேக்கலைன்னா உங்கள அவுத்து வுடறேன்" என்பார். இரண்டு இடங்களில் அவிழ்த்தும் விட்டார்.

கோயில் காட்டு மூட்டைகளோடு லாரி இறங்கியபோது பெண்கள் குலவையிட்டார்கள். பேட்டரிக்குக் குலவையிட்ட ஊர் வேறு இருக்காது. ஊற்று நீரைச் சோதனைக்கு அனுப்பி, குடிக்கலாம் என்று பதில் வந்ததும் முதல் டம்ளரை ஸ்டெல்லாவே குடித்தார்.

சபை நடுவே சிரித்துக்கொண்டு தோற்கத் தெரிந்தவர் அவர். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். இன்னும் சரியாகக் கைவரவில்லை. போன கிராம சபையில் ஓர் இளம்பெண் என் பேச்சை மறுத்தாள். "நீ சொல்றதுதான் சரி கண்ணு" என்று உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த பூசாரி, காய்ச்சலோ என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.