சனிக்கிழமைச் சண்டை நிபுணர்கள்

ஓட்டல்காரன் சாம்பாரில் உப்பை மறந்தால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம், "இன்னிக்கு யாரு ஜெயிப்பான்?" என்று வாடிக்கையாளர் கேட்கும்போது தப்பான ஆளைச் சொல்லிவிட்டால் பிழைக்க முடியாது. கடையில் டிவி மாட்டி வைத்திருக்கும் சக பாவாத்மாக்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூவில் எனக்கு ஒரு தோசைக்கடை இருந்தது. டிவி வாங்கியது கிரிக்கெட்டுக்காக. ஆனால் இந்தியாவில் டாஸ் போடும் நேரத்தில் கலிஃபோர்னியாவில் எல்லோரும் போர்வைக்குள் இருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குத் தோதாக வந்தது கூண்டுச் சண்டைதான். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சமாசாரம். கம்பி வலைக்குள் இரண்டு பேரை விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். கடைசியில் என் மகன் அருணே அதற்குள் போகப்போகிறான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பயத்தை நான் மட்டும் ஏன் தனியாகச் சுமக்க வேண்டும்?

விலக்கிவிட ஆளில்லை

முதல் சனிக்கிழமை. பிளசன்டனிலிருந்து ஓர் அங்கிளும் ஆன்ட்டியும் அடை அவியல் சாப்பிட வந்திருந்தார்கள். திரையில் ஒருவன் இன்னொருவன் மேல் உட்கார்ந்து முகத்தில் சாத்திக்கொண்டிருந்தான். போச்சு, இனிமேல் இவர்கள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள் என்று நான் ரிமோட்டைத் தேடினேன். அங்கிள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆன்ட்டியோ வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரையில் குனிந்து நின்ற நடுவரைக் காட்டி என்னைக் கூப்பிட்டார்.

"சண்டை போடறவங்க போடட்டும். அந்தக் கறுப்புச் சட்டைக்காரன் இவ்வளவு கிட்ட நின்னுட்டு விலக்கிவிடாம வேடிக்கை பாக்கறானே, அவனெல்லாம் என்ன மனுஷன்?"

பாலு கண்டுபிடித்த குறை

பாலு கோபிசெட்டிபாளையத்துக்காரர். சான் ஹோசேயில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. வாரம் முழுக்க அடுத்தவன் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடித்துவிட்டு, சனிக்கிழமை என் கடையில் உட்கார்ந்து சண்டைக்காரர்களிடம் கண்டுபிடிப்பார். அவர்களுக்கு அம்மா அப்பா வைத்த பெயரெல்லாம் எங்கள் கடையில் செல்லாது. மொட்டை, தாடி, நெட்டை என்று பாலு வைத்ததுதான் பெயர்.

ஒருமுறை மொட்டைக்கும் தாடிக்கும் சண்டை. மொட்டைக்கு மூச்சு போதாது, மூன்றாவது ரவுண்டில் நாக்குத் தள்ளிவிடும் என்று வாரம் பூராவும் பாலு பிரசாரம் செய்தார். பார்சல் வாங்க வந்தவர்களைக்கூட நிறுத்தி வைத்துச் சொன்னார். சனிக்கிழமை வந்தது. மணி அடித்ததும் மொட்டை நேராக நடந்து வந்து ஒரே குத்து விட்டான், தாடி மல்லாந்துவிட்டான். கடையே பாலுவைத் திரும்பிப் பார்த்தது. அவர் நிதானமாகக் காபியை ஆற்றினார்.

"மூச்சை டெஸ்ட் பண்றதுக்கே விடலீங்களேண்ணா. அப்புறம் எப்படிங்க பாஸுன்னு சொல்றது?"

ரஃபீக்கின் கட்சி

ரஃபீக் கீழக்கரைக்காரர், பாலுவின் ஆபீஸ்தான். அவர் ஆராய்ச்சியெல்லாம் செய்ய மாட்டார். கட்சி மாறவும் மாட்டார். நெட்டை என்ற மல்யுத்தக்காரனை "நம்ம ஆளு" என்று தத்தெடுத்திருந்தார். நம்ம ஆளு வரிசையாகத் தோற்றுக்கொண்டே வந்தான். ஒருமுறை நடுவர் சரியில்லை, ஒருமுறை தரை வழுக்கல், ஒருமுறை பேட்டியிலேயே பையன் முகம் வாடியிருந்தது. அடுத்த சண்டை அறிவிப்பு வந்தால் மறுபடியும் நெட்டைதான்.

ஒரு சனிக்கிழமை தோசை மாஸ்டர் லீவு. நான் உள்ளே தோசைக்கல் முன்னால் வெந்துகொண்டிருந்தேன். அன்றைக்கென்று பார்த்து நெட்டை ஜெயித்துத் தொலைத்தான். ரஃபீக் கொண்டாடக்கூட நிற்காமல் சமையலறை வாசலுக்கு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். விளையாட்டாகப் பேசுகிற முகம் இல்லை அது.

"எனக்கு இந்த ராசியில எல்லாம் நம்பிக்கை இல்லண்ணே. ஆனா இனிமே நம்ம ஆளு சண்டை போடறப்ப நீங்க உள்ளயே இருந்துருங்க. சட்னி நாங்களே ஊத்திக்கறோம்."

எழுந்திருக்கத் தடை

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஜாதி நாம். விக்கெட் விழாமல் இருக்க மூத்திரத்தை அடக்கியவர்கள். அந்த வியாதி அப்படியே கூண்டுச் சண்டைக்கும் தொற்றிக்கொண்டது. நெட்டை மேலே இருந்தால் யாரும் நாற்காலி மாறக் கூடாது. கீழே இருந்தால் எல்லோரும் மாறி உட்கார வேண்டும். நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். இவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பாக வரும். கல்லாவில் உட்கார்ந்து வாய் ஓயாமல் கிண்டல் செய்தேன்.

ஒருநாள் பாலு, பாதி வடையைக் கையில் பிடித்தபடி ஒரு ரவுண்டு முழுக்க அசையாமல் இருந்தார். வாயில் போட்டால் ஆட்டம் மாறிவிடுமாம். கூட வந்திருந்த அவர் பெண் இங்கேயே பிறந்தவள். நாம் பேசும் தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். அவள் அப்பாவையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டாட், தே ஆர் இன் லாஸ் வேகாஸ். தே கான்ட் சீ யுவர் வடை."

நிபுணர்கள் மௌனம்

அருண் சான் ஹோசேயில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் கடை நெய் ரோஸ்ட் கொடுத்த தொப்பையைக் கரைக்கச் சண்டை சொல்லித்தரும் ஜிம்மில் சேர்ந்தவன், ஒருநாள் கவுன்டரில் சாய்ந்துகொண்டு, "அப்பா, ஐ ஹேவ் எ ஃபைட்" என்றான். அமெச்சூர் கூண்டுச் சண்டைதான், அடுத்த சனிக்கிழமை. நோட்டீஸில் எதிராளி படம் இருந்தது. தலை இருந்தது, தோள் இருந்தது, நடுவில் கழுத்து என்று ஒன்று இல்லவே இல்லை. என் மனைவி ரேவதி நோட்டீஸை வாங்கிப் பார்த்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு நிபுணர்களிடம் ஓடினேன். உலகத்துச் சண்டைக்கெல்லாம் கேட்காமலே அபிப்ராயம் சொன்னவர்கள் ஆயிற்றே. ரஃபீக் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திடீரென்று செல்போனில் ஏதோ தேட ஆரம்பித்தார். பாலு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கழுத்தில்லாதவனை வெகுநேரம் பார்த்தார். "ஏதாவது குறை இருக்குமே, சொல்லுங்க பாலு" என்று கெஞ்சினேன். அத்தனை வருஷத்தில் நானாக ஒருவரிடம் அபிப்ராயம் கேட்டது அன்றுதான். பாலு நோட்டீஸை மெதுவாக மடித்து என் கையில் கொடுத்தார்.

"சாம்பார் இன்னிக்கு நல்லா இருக்குதுங்கண்ணா."

பார்க்கிங்

சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு எல்லோரும் சான் ஹோசே போனோம். ரேவதி, அருண் பெயர் கூப்பிடும்போதே ரெஸ்ட்ரூம் என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். மணி அடித்தது. கழுத்தில்லாதவன் என் பிள்ளையை இடுப்போடு தூக்கித் தரையில் போட்டான். அந்தச் சத்தம் என் முதுகில் கேட்டது. ரஃபீக் என் பக்கம் திரும்பினார். அன்றைக்குச் சமையலறை வாசலில் நின்று பார்த்த அதே பார்வை. மெக்கானிக்கல் இன்ஜினியரான நான் எழுந்து வெளியே நடந்தேன்.

பார்க்கிங்கில் எங்கள் மினிவேனுக்கு அந்தப் பக்கம் ரேவதி நின்றுகொண்டிருந்தாள். "நீங்க ஒருத்தர் பாக்காம இருந்ததுக்கே அந்த நெட்டை ஜெயிச்சானாமே. நானும் பாக்கலைன்னா இன்னும் நல்லதுதானே" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஆரவாரம் எழுந்தது, அடங்கியது, மறுபடி எழுந்தது. யாருக்கு என்று தெரியவில்லை. பயத்தில் இருவரும் வேனின் டயரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு கதவு திறந்தது. வீங்கிய ஒரு கண்ணும் முகம் முழுக்கச் சிரிப்புமாக அருண் வந்தான். பின்னாலேயே பாலுவும் ரஃபீக்கும். முதல் ரவுண்டில் அடி வாங்கினாலும் கழுத்தில்லாதவனுக்கும் கழுத்து உண்டு என்று அருண் கண்டுபிடித்து, இரண்டாவது ரவுண்டில் அதை நெரித்துவிட்டானாம். ரேவதி அவன் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். அவனோ என்னைத்தான் முறைத்தான்.

"அப்பா, நீங்க வெளிய வந்ததாலதான் ஜெயிச்சோம்னு பாலு அங்கிள் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கார். ஸோ, ஐ டிட் நத்திங்?"

எனக்குச் சம்பந்தமே இல்லாத சண்டைகளை வருஷக்கணக்காகக் கல்லாவில் உட்கார்ந்து பார்த்த நான், என் வாழ்க்கையிலேயே முக்கியமான சண்டையை ஒரு மினிவேன் டயரைப் பார்த்தே ஜெயித்தேன்.