சாட்சி சொன்ன வாய்

என் வீட்டுக்காரர் சபை நடத்துகிற பாஸ்டர். மேடையில் நின்று "மாத்திரை சாப்பிடாதீர்கள்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இதை அவரே என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். சொல்லவில்லைதான், யார் இல்லையென்றது? வாயைத் திறக்காமலே ஒரு காரியத்தை நடத்திவிடலாம் என்பது அவரோடு குடித்தனம் பண்ணித்தான் எனக்குத் தெரிந்தது.

முத்தாபுதுப்பேட்டையில் ஒரு குடோனுக்கு மேலே தகரக் கூரை போட்ட மாடிதான் எங்கள் சபை. ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து மைக்கைப் பிடித்துச் சொல்லலாம். மகனுக்கு ஐடி கம்பெனியில் வேலை கிடைத்தது, அடைபட்ட கல்யாணம் கூடிவந்தது, இடுப்பு வலி பறந்துபோனது. ஒவ்வொன்றுக்கும் பாஸ்டர் கையை உயர்த்தி "ஆமென்" என்பார், சபையும் சொல்லும். அந்த ஆமென் விழுந்துவிட்டால் ரிஜிஸ்டர் ஆன பத்திரம் மாதிரி. அதற்கப்புறம் சொன்னதிலிருந்து பின்வாங்க யாருக்கும் மனசு வராது.

எங்கள் சபையில் ஓர் அக்கா இருந்தாள். பட்டாபிராம் பக்கம் தள்ளுவண்டியில் இட்லி, தோசை போடுகிறவள். புருஷன் இல்லை, ஒரே மகள், அம்பத்தூரில் துணிக்கடையில் வேலை. அக்காவுக்கு ரொம்ப நாளாய்ச் சர்க்கரை. ஒரு ஞாயிறு அவள் மைக்கை வாங்கி, "பாஸ்டரய்யா ஜெபம் பண்ணதுலேர்ந்து எனக்கு சுகரு நார்மலா கீது. மாத்திரைய எல்லாம் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன். இனிமே எனக்கு டாக்டரு கர்த்தருதான்!" என்றாள்.

கைதட்டலில் தகரம் அதிர்ந்தது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஒரு மூச்சு அளவு தயங்கினார். அந்தத் தயக்கம் என்னைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. பிறகு கையை உயர்த்தி "ஆமென்" என்றார்.

அன்றைக்குக் காலையில்தான் அவர் தன் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தார்.

ஆமாம், அவருக்கும் சர்க்கரை. சபையில் ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்து மெடிக்கல் கடையில் வாங்க மாட்டார். பஸ் ஏறிப் பூந்தமல்லி போய், இவரை வெறும் 'சார்' என்று மட்டும் தெரிந்த ஒரு பாய் கடையில் வாங்கி வருவார். விசுவாசி வீட்டில் கேசரி வைத்தால் மறுக்காமல் சாப்பிடுவார். "விசுவாச வீரருக்கு இன்னொரு கரண்டி போடுங்க" என்று நானே கிண்டல் செய்து, வீட்டுக்கு வந்து திட்டு வாங்கியிருக்கிறேன். அதுவரை அது எங்கள் இரண்டு பேருக்குள் ஒரு வேடிக்கை.

அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அவங்க விசுவாசத்தை நானே உடைக்கணுமா? சாட்சி சொல்றப்ப குறுக்க பேச முடியுமா?"

"குறுக்க பேச வேணாம். ஆமென் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்ல?"

அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அவரைப் பாஸ்டராக அபிஷேகம் பண்ணின நாளில், உண்மையுள்ள ஊழியனாக இருப்பாயா என்று பெரிய ஊழியர்கள் கேட்டார்கள். இருப்பேன் என்றார். நான் பட்டுப்புடவையில் பக்கத்தில் நின்று பூரித்துப்போனேன். காணிக்கையில் கை வைக்காமல், அடுத்த பெண்ணை ஏறிட்டுப் பார்க்காமல் இருப்பதுதான் உண்மை என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த இரண்டிலும் என் வீட்டுக்காரரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐயோ, மனுஷன் தன் உடம்பில் இருக்கிற ஒரு வியாதியை ஒளித்துவைத்து, அதன் மேலே ஒரு சபையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அக்காவின் சாட்சியை யாரோ போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, புதுப் புது அடுக்குமாடிக் குடும்பங்கள் எல்லாம் ஜெபத்துக்கு வர ஆரம்பித்தன. நாற்காலி போதாமல் வாடகைக்கு எடுத்தோம். நான் அக்காவின் வண்டிக்கே போய், ஒரு தடவை டெஸ்ட் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டபடி சிரித்தாள். "இன்னா பாஸ்டரம்மா, ஐயாவே ஆமென் சொல்லிட்டாரு. நீ என்னாண்ட வந்து டெஸ்ட்டுன்ற! உனக்குத்தான் விசுவாசம் கம்மியா கீது."

அப்புறம் வண்டிச் சக்கரம் அவள் கால்விரலில் ஏறியது. வலிக்கவில்லை என்று துணியைச் சுற்றிக்கொண்டு வியாபாரம் பார்த்திருக்கிறாள். சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி போய்விடும் என்பது அவளுக்கு எங்கே தெரியும்? வலிக்காததையும் அற்புதம் என்றே நம்பினாள். விரல் அழுகி வாடை வீசி, காய்ச்சலில் சுருண்டு விழுந்த பிறகுதான் மகள் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள். அழுகையில் வார்த்தை சரியாக வரவில்லை. "பாஸ்டரம்மா, காலை எடுத்தாத்தான் உயிர் நிக்குமாம். அதுக்கு மின்ன சுகர எறக்கணுமாம். அம்மா ஊசி போட உட மாட்டேங்குது. குத்த வந்தா கைய உதறுது. ஐயா சொன்னாத்தான் போட்டுப்பேன்னு அடம் புடிக்குது. ஐயாவ அனுப்புங்க, உங்க கால்ல உழறேன்."

என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முழங்காலில் நின்று, "கர்த்தர் பேசட்டும், காத்திருப்போம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "கர்த்தர் என்னத்தைப் பேசணும்? பேச வேண்டியது நீங்க. அந்தம்மா செத்துக்கிட்டிருக்கு. எழுந்திரிங்க முதல்ல!" என்று கத்தினேன். அவர் அழுதார். "இதைச் சொன்னா நான் எந்த மூஞ்சியோட மேடையில நிக்கிறது?" என்றார். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் பைக் சாவியை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

வார்டில் அக்காவின் கட்டிலுக்குப் போனோம். முகம் சுருங்கி, உதடு வெடித்து, கால் பெரிய கட்டுக்குள் இருந்தது. நர்ஸ் ஊசியோடு நின்றாள். "எத்தினி வாட்டி சொல்றது? சாட்சி சொன்ன வாய் இது. இப்ப ஊசி போட்டுக்கினா அன்னிக்கு நான் சொன்னது பொய்யாயிடும்" என்று அக்கா அவளிடம் முனகிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையைக் கூப்பினாள். "ஸ்தோத்திரம் ஐயா. சொல்லுங்க, நான் இன்னா பண்ணட்டும்?"

என் வீட்டுக்காரர் அவள் தலையில் கைவைத்து ஜெபிக்க ஆரம்பித்தார். அருமையான ஜெபம், நீண்டுகொண்டே போனது. அவர் அதற்குள் போய் ஒளிந்துகொண்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மகள் என்னைப் பார்த்தாள். நான் நடுவில் புகுந்து, சத்தமாக "ஆமென்!" என்று சொல்லி அதை முடித்துவிட்டேன்.

அவர் கண்ணைத் திறந்தார். அதற்கு மேல் அவருக்குப் போக்கிடம் இல்லை.

"எனக்கும் சுகர் இருக்கும்மா" என்றார். "தினமும் மாத்திரை போடுறேன். நீங்களும் ஊசி போட்டுக்குங்க. அது பாவம் இல்ல."

அக்கா அவரையே பார்த்தாள். "நான் சாட்சி சொன்னேனே, அன்னிக்கும் போட்டுக்கினுதான் வந்தீங்களா?"

"போட்டுட்டுத்தாம்மா வந்தேன்."

அவள் நர்ஸ் பக்கம் கையை நீட்டி, "குத்தும்மா" என்றாள். ஊசி இறங்கியதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஐயா, எல்லாருக்கும் மின்ன நான் எங்க நின்னு சொன்னனோ, அங்கியே நின்னு நீங்களும் சொல்லணும். இப்ப கெளம்புங்க" என்றாள்.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள். இனி எப்படி நின்று தோசை சுடுவாள் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அவரே மைக்கை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். அக்கா நின்ற இடத்தில் வந்து நின்றார். தன் சர்க்கரை வியாதியைச் சொன்னார், மாத்திரையைச் சொன்னார், அக்காவின் காலைச் சொன்னார். "தெரிஞ்சே நான் ஆமென் சொன்னேன்" என்றார். இரண்டு குடும்பங்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பின. போகட்டும், இவ்வளவுதானே என்று நினைத்தேன். நிஜமாகவே, எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்போது பெண்கள் பக்கத்தில் புதிதாக வருகிற ஒரு தாய் எழுந்தாள். இடுப்பில் தூங்குகிற பெண் குழந்தை. முகத்தில் ரத்தமே இல்லை.

"பாஸ்டர், அந்த சாட்சிய பார்த்துட்டு நான் இவளுக்கு ஃபிட்ஸ் மாத்திரைய நிறுத்திட்டேனே" என்றாள். "இப்ப நான் திரும்பக் குடுக்கலாமா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். ஆண்கள் பக்கத்திலும் ஒரு நாற்காலி நகர்ந்தது.