ஒன்பதாவது ‘உள்ளேன்’

நம்புகிறவர்கள் நம்புங்கள். நான் லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியர். கதை கட்டத் தெரியாது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். பாலாடையை எடுத்துப் போட்டேன். முகம் மழித்தேன். பிறகு என் மனைவியின் போனைச் சார்ஜரிலிருந்து எடுத்து, அவளுடைய வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்த குரல்களை வரிசையாகக் கேட்டேன். அவள் போனதிலிருந்து தினமும் இப்படித்தான்.

குழுவில் ஒன்பது பெண்கள். ஒன்பது பேருக்கும் ஒரே பெயர், அவள் பெயர். சும்மா இணையத்தில் தன் பெயரைத் தேடியபோது ஒவ்வொருவராகச் சிக்கினார்கள் என்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்பது பேரும் திரும்புவார்கள் என்பதால், அங்கே தொழில்தான் பெயர். பஸ் ஓட்டுகிறவர் பஸ்ஸக்கா. பல் மருத்துவர் பல்லு. சிறைக் காவலர் ஜெயிலு. பண்ணை வைத்திருப்பவர் கோழி. மூன்று கல்யாணம் முடித்தவர் தனக்குத் தானே ‘மூணு முடிச்சு’ என்று வைத்துக்கொண்டார். என் மனைவி பெயின்ட் கடையில் நிறம் கலப்பவள். அவள் பெயின்ட்டு.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தையல் என்பவர் ஒண்டிக்கட்டை. ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்து, இரண்டு நாள் கேட்பாரில்லாமல் கிடந்து பிழைத்தார். அதிலிருந்து, விழித்ததும் ஒவ்வொருவரும் பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல "உள்ளேன்" என்று பேசி அனுப்ப வேண்டும். யாராவது அனுப்பாவிட்டால் மற்றவர்கள் போன் போட்டுத் துளைத்துவிடுவார்கள்.

பஸ்ஸக்காவின் குரலுக்குப் பின்னால் இன்ஜின் உறுமும். கோழிக்குப் பின்னால் கோழிகள்.

"நான் நெஜமாவே உள்ளதான்டி இருக்கேன்," என்பார் ஜெயிலு. தினமும் இதே ஜோக். தினமும் யாராவது சிரிப்பார்கள்.

அவள் போன அன்று அவளும் அனுப்பியிருந்தாள். காலை 6.12. இரவு வேலை முடிந்து எட்டு மணிக்கு நான் வந்தபோது கட்டிலில் இறந்து கிடந்தாள். அந்த "உள்ளேன்"தான் அவளுடைய கடைசி வார்த்தை. அவளுடையது என்று நான் பிடித்துக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான். எட்டுக் குரல்களையும் கேட்டுவிட்டு, மேலே தள்ளிப் போய் அதைக் கடைசியாகக் கேட்பேன்.

இன்று முதன்முறையாக இயர்போன் மாட்டியிருந்தேன்.

விசிறிச் சத்தம் இல்லை. எங்கள் படுக்கையறை விசிறி சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சிடும். அவளுடைய பழைய பதிவுகள் எல்லாவற்றிலும் கேட்கும். இதில் இல்லை. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன்.

ஆனால் அன்று, எட்டு மணிக்கு நான் மாடிப்படி ஏறும்போதுதான் கரண்ட் போனது...

சத்தத்தைக் கூட்டினேன்.

க்ளிக். பூட்டு திறந்தது.

செருப்பு உரசும் சத்தம். இடது காலை லேசாக இழுக்கும் நடை.

என் நடை.

எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல ஒரு ஆண் குரல் அவள் பெயரைச் சொன்னது. சாதாரணமாக.

இன்னொரு முறை... சத்தமாக.

மூன்றாவது முறை... அப்படி நான் ஒரே ஒரு தடவைதான் கத்தியிருக்கிறேன்.

"உள்ளேன்."

பஸ்ஸக்காவுக்கு போன் போட்டேன். "அக்கா, அவளோட கடைசி வாய்ஸ கேளுங்க. இயர்போன்ல."

வண்டியை ஓரங்கட்டிக் கேட்டுவிட்டு அவரே கூப்பிட்டார்.

"தம்பி... நீதானே கூப்பிடுற? அவ பதில் சொல்றா."

"நான் வந்தது எட்டு மணிக்குக்கா."

ஹாரன் சத்தம். யாரோ பயணி திட்டினார்.

"பஸ்ஸ எடுக்கணும் தம்பி. வண்டி நெறைய ஆளுங்க. வச்சிடறேன்."

சாயங்காலம் தெருமுனை கிளினிக்குக்குப் போனேன். அன்று வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்த டாக்டர்தான்.

"காலைல ஆறேகால் வரைக்கும் உயிரோட இருந்தா, இல்லையா டாக்டர்?"

அவர் பேனாவை மூடினார்.

"யாருப்பா சொன்னது? நான் தொட்டப்பவே உடம்பு வெறைச்சிருந்துச்சு. ராத்திரியே போயிட்டாங்க. நீ இருந்த நிலைமைல சொல்ல மனசு வரல."

அப்படியென்றால், அவள் உயிரோடு கடைசியாகப் பேசியது முதல் நாள் இரவு. நான் வேலைக்குக் கிளம்பி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்தே சொன்னாள்.

"காலைல வந்ததும் பேரச் சொல்லிக் கத்தாதடா. நான் கொஞ்சம் தூங்கணும்."