பினாயில் ஊற்றிய தொட்டி

செம்பூர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வருஷக்கணக்காகப் பெருக்கித் துடைத்த மாரீஸ்வரிக்கு, கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டியைப் பார்க்கும் வேலை போன மாதம்தான் கிடைத்தது. அதன் பர்மிட்டைப் புதுப்பிக்க அதிகாரி வருகிறார் என்றதும், வீட்டுக்கு விருந்தாளி வருவதுபோல் தொட்டியில் தாராளமாகப் பினாயில் ஊற்றிவைத்தாள்.

குப்பியில் தண்ணீர் பிடித்து முகர்ந்த அதிகாரி, அழுக்கைத் தின்னும் கிருமிகள் எல்லாம் செத்துவிட்டன, இப்போதைக்கு பர்மிட் கிடையாது என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

"யாரு ஊத்தினா?" என்றார் குடியிருப்போர் சங்கச் செக்ரெட்டரி பஞ்சு.

பழியைத் தோட்டக்காரன்மேல் போடலாமா என்றுகூட மாரீஸ்வரி நினைத்தாள்; மனசு வரவில்லை. "நாந்தான் சார். வேலைய விட்டு அனுப்பிராதீய."

"அனுப்பிட்டா, புதுக் கிருமி விட்டதும் யாரு பாத்துப்பா? அந்தப் பினாயிலைக் கொண்டா இங்கே!"

மாரீஸ்வரி ஓடிப்போய்ப் பாட்டிலை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.