வந்து சேராத இரண்டாவது மிஸ்டு கால்

ஸ்டாக்ஹோமில் என்னைத் தன் காரில் அலுவலகத்துக்கு அழைத்துப்போகும் லேனாவுக்கு முதல் நாள் காலையில் ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். கீழே வந்து நிற்கிறேன் என்று அர்த்தம். அவளோ வழியில் காரை ஓரங்கட்டித் திரும்ப அழைத்தாள். "ஏதாவது ஆபத்தா?" இல்லை என்றேன். "பிறகு ஏன் நான் எடுப்பதற்குள் வைத்தாய்?" எடுக்கக்கூடாது என்றுதான் வைத்தேன் என்று அவளுக்கு விளக்கி முடிப்பதற்குள் அலுவலகமே வந்துவிட்டது.

நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டூஜி காலத்தில் திருவாதவூரில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. அப்பா பட்டன் போனைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போவார். கல்லூரி விடுதியில் இருந்த எனக்கு ஒரு மிஸ்டு கால் வந்தால் எல்லாரும் நலம். அடுத்தடுத்து இரண்டு வந்தால் உடனே கூப்பிட வேண்டும். த்ரீஜி வந்தது, ஃபோர்ஜி வந்தது, காசை நினைத்துப் பேசிய காலம் போனது, அப்பாவின் வழக்கம் மட்டும் போகவில்லை. போன வருடம் ஒத்தக்கடையில் ஒரு ஃபைவ்ஜி போன் வாங்கி, இன்டர்நெட் வழியாகப் பேசும் அழைப்புச் செயலியும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஃபைவ்ஜி சிக்னல் கோபுரங்களைச் சோதிப்பதுதான் எனக்குப் பிழைப்பு. அந்தத் திமிர் வேறு.

சென்ற மாதம் ஒரு காலையில் அப்பாவிடமிருந்து ஒரே ஒரு மிஸ்டு கால். நலம் என்று எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போய்விட்டேன். மதியம்தான் விஷயம் தெரிந்தது. சர்க்கரையால் புரையோடியிருந்த அம்மாவின் கால்விரலை மதுரை ஆஸ்பத்திரியில் எடுத்திருக்கிறார்கள்.

"ரெண்டு தடவ அடிச்சேனப்பா, நீ கூப்பிடவே இல்ல," என்றார் அப்பா. "உள்ள போறதுக்கு முன்னாடி ஒங்கிட்ட ஒரு வார்த்த பேசணும்னு ஒங்கம்மா எம்புட்டு நேரம் பாத்தா தெரியுமா."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. செயலியில் அவர் காதில் மணி கேட்டால் இங்கேயும் அடித்துவிட்டது என்று அர்த்தமில்லை. இங்கே அடிப்பதற்குள் அவர் பழக்கதோஷத்தில் வைத்துவிட்டார். இரண்டில் ஒன்று எனக்கு வரவே இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். போனைக் கையில் கொடுத்த அன்று சொல்லத்தான் தோன்றவில்லை.

"எடுக்கிற வரைக்கும் விட்டிருக்கலாமேப்பா."

"நீ வேலையில இருப்ப. எடுத்துட்டா ஒனக்குத் தொந்தரவுல்ல?"

சாயங்காலம் அம்மா வீடியோவில் வந்தார். கட்டுத்துணியின் இழைகூடத் தெரிந்தது. "என்னம்மா சொல்லணும்னு இருந்தீங்க?"

"அது அப்பச் சொல்லணும்னு இருந்துச்சுய்யா. இப்ப இல்ல."

பக்கத்துக் கட்டில்காரம்மா யாரென்று விசாரித்தார். "மகன்தான். வெளிநாட்டுல இருக்கான்," என்று சொல்லி, அணைக்கத் தெரியாமல் போனை மெத்தையில் கவிழ்த்து வைத்தார் அம்மா. திரை கறுத்துவிட்டது. இரண்டு பேரும் விரலைப் பற்றிப் பேசிக்கொள்வது துல்லியமாகக் கேட்டது. நான் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.