எனக்கு வராத கால்வலி

களமருதூரிலிருந்து திருவண்ணாமலைக்கு நடந்து போன அந்த மூன்று நாளில் என் கால் ஒரு முறைகூட வலிக்கவில்லை. ஆனால் என் கால்வலியைச் சொல்லி எங்கள் குடும்பம் இரண்டு முறை பஸ்ஸும் ஒரு முறை ஷேர் ஆட்டோவும் ஏறியது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன்.

வேண்டுதல் அம்மாவுடையது. அந்தத் தை மாதம் அப்பா டிராக்டரிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். மனுஷன் எழுந்து நடந்தால் செருப்பில்லாமல் நடந்தே வருகிறேன் என்று அண்ணாமலையாரிடம் அம்மா சொல்லிவிட்டாள். அப்பா எழுந்து நடந்தார். சித்ரா பௌர்ணமிக்கு அம்மா கிளம்பினாள். அவளைத் தனியாக அனுப்பக் கூடாதென்று பெரியப்பா, அத்தை, சித்தப்பா மூவரும் செருப்பைக் கழற்றினார்கள். நான் அழுது அடம்பிடித்துச் சேர்ந்துகொண்டேன். ஒரு தடவைகூட வண்டி ஏறாமல் நடப்பேன் என்று தெருப் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் சவால் விட்டிருந்தேன்.

ஏற்பாடெல்லாம் சித்தப்பா. வழியில் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு எந்த பஸ் வரும் என்பது அவருக்கு மனப்பாடம். போன் போட்டால் வந்து நிற்கும்படி கார் வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"நடக்கிறவங்களுக்கு இன்னாத்துக்குடா பஸ்ஸு?" என்றாள் அத்தை.

"தனக்காவ ஏறினாதான் வேண்டுதல் கெடும்க்கா. கொழந்தைக்கு முடியலன்னு தொணைக்கு ஏறினா தோஷமே இல்ல. சாமிக்குத் தெரியாதா?"

எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். பாசத்தில்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

முதல் நாள் பத்து மணிக்கெல்லாம் தார் ரோடு கொதித்தது. திடீரென்று பெரியப்பா, "பாப்பா நொண்டிக்கினு வருது பாரு" என்றார். நொண்டியது அவர். நான் வாயைத் திறப்பதற்குள் என்னைத் தூக்கி பஸ்ஸில் போட்டுக்கொண்டு திருக்கோவிலூருக்கு வந்துவிட்டார். நாள் முழுக்க நான் அவரிடம் பேசவில்லை. மறுநாள் ஆற்றுப் பாலம் தாண்டியதும் அத்தைக்கு என் முகம் வாடியிருப்பதாகத் தோன்றியது. ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் அவள் முகம்தான் மலர்ந்தது. மூன்றாம் நாள் காலை என்னோடு பஸ் ஏறியது சித்தப்பா. சட்டம் போட்டவருக்கே குதிகால் வெடித்திருந்தது. ஒவ்வொரு முறையும் அடுத்த ஊரில் இறங்கி நிழலில் காத்திருப்போம். மற்றவர்களோடு அம்மா நடந்து வந்து சேருவாள்.

அன்று சாயங்காலம் மலை பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. பெரியப்பாவும் அத்தையும் முன்னால் போய்விட்டார்கள். அம்மா துண்டைக் கிழித்து இரண்டு பாதத்திலும் கட்டியிருந்தாள். தார்ச் சூட்டுக்காகக் கட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். சித்தப்பா அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் கார் வந்து நின்றது.

"அண்ணி, பாப்பாவுக்குக் கால் நோவுதாம். இந்த தபா நீங்க கூட போங்க."

"நோவுதுன்னு அவ சொன்னாளா?" என்றாள் அம்மா. "பொய் சொல்லிட்டு ஏறமாட்டேன் தம்பி. அவரு உசிரு விசயம்."

ரோட்டோரம் என் முன்னால் உட்கார்ந்து, என் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தாள்.

"நோவுதா கண்ணு?"

"இல்ல."

"இங்க?"

"ஊஹூம்."

"கொஞ்சங்கூடவா நோவல?"

மூன்று நாளில் என்னிடம் கேட்ட ஒரே ஆள் அம்மாதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எனக்கு எதுக்கு நோவணும்? இன்னும் மூணு நாளு நடப்பேன்!" என்று இரண்டு குதி குதித்தும் காட்டினேன். சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு என்னை முறைத்தார். கார் வந்த வழியே திரும்பிப் போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நோவுது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அம்மா என் தோளைப் பிடித்து எழுந்தாள். பிடித்த கையை எடுக்கவில்லை. கோபுரம் வரைக்கும் அப்படியேதான் வந்தாள். போகப் போக அந்தக் கை கனத்தது. என்னை மெச்சித்தான் தோளில் கை போட்டு வருகிறாள் என்று எனக்கு ஒரே பெருமை. அவளுக்கு என் சாமர்த்தியத்தை இன்னும் காட்ட வேண்டுமென்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேகமாக நடந்தேன். அவளும் தோளை விடாமல் என் வேகத்துக்கே நடந்து வந்தாள்.