வாசலில் காய்ந்த மஞ்சள் புடவை

துலுக்கானம் என்ற பெயரைச் சொர்ணம் முதலில் கேட்டது, அத்தை பட்டாபிராம் ஊரிலிருந்த அவர்கள் வீட்டுக்கு அவளுக்கு மாப்பிள்ளை பேச வந்த அன்றுதான். வெள்ளைக்காரன் காலம் அது. துலுக்கானத்துக்கு மதராஸ் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சைகைக் கொடியேற்றுகிற வேலை.

பெண் பார்க்க வந்தவர், வாசலில் காய்ந்த மஞ்சள் புடவையைப் பார்த்து நின்றுவிட்டார். "கப்பல்ல மஞ்சக்கொடி பறந்தா உள்ள நோயாளி கீறான்னு அர்த்தம். இங்க யாருக்கு இன்னா?" என்று சிரித்தார்.

"ஊடு இன்னா கப்பலா நைனா?" என்று மழுப்பினாள் அம்மா. சம்பந்தம் தட்டிப்போகுமென்று வாசல் வேப்பிலையை அவள்தான் விடிகாலையில் எடுத்து ஒளித்திருந்தாள்.

சொர்ணத்துக்குப் பொய் வரவில்லை. "தங்கச்சிக்கு அம்மை போட்டுக்கீது" என்றாள்.

"அப்ப நாப்பது நாள் கப்பல் வெளியவே நிக்கணும்" என்று திரும்பிப் போனார் அவர்.

அம்மா சொர்ணத்தோடு பேச்சை விட்டுவிட்டாள். நாற்பத்தோராம் நாள் காலை அவர் தாம்பூலத் தட்டோடு வந்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு துலுக்கானம் சொர்ணத்தோடு அதே பட்டாபிராமில், ரயில் பாதையோரம் குடியிருந்தார்.